ஏழு கதவும் ஒரு சைக்கிள் சாவியும்

குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவின் அறிவிப்புப் பலகையில் திங்கள்கிழமை காலை ஒரு சுற்றறிக்கை குத்தியிருந்தது. அறுவை அரங்குக்கு அழைத்துச் செல்லப்படும் குழந்தைகளிடம் பணியாளர் எவரும் கதை சொல்லக் கூடாது, மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும். எவரும் என்று பொதுவாகப் போட்டிருந்தாலும், அந்தக் கட்டிடத்தில் கதை சொல்கிறவர் ஒரே ஒருவர்தான். அவர் பலகைக்குக் கீழே நின்று அதை இரண்டு தடவை படித்தார்.

"பேரைப் போட்டு என்கிட்டயே குடுத்திருந்தா ஒரு குண்டூசியாவது மிச்சமாயிருக்கும்" என்றார். பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அவரை எல்லோரும் வாசலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வயது நாற்பத்தேழு. பத்து வயதுப் பையனுக்கும் அக்கா, ஐம்பது வயது லிஃப்ட்காரருக்கும் அக்கா. பதினேழு வருடமாக ஒரே வேலை: இரண்டாவது மாடி வார்டில் இருக்கும் குழந்தையைச் சக்கரக் கட்டிலில் படுக்கவைத்து, தரைத் தளத்தில் இருக்கும் அறுவை அரங்கின் வாசல் வரை கொண்டுபோய் விடுவது. வேலை முடிந்ததும் திரும்ப மேலே கொண்டுவருவது. நடுவில் நடக்கும் எதிலும் அவருக்குப் பங்கில்லை. அந்தக் கடைசிக் கதவுக்குள் அவர் ஒரு நாளும் போனதில்லை.

தள்ளுவது சுலபம். கழற்றுவதுதான் கஷ்டம். உள்ளே போகும் குழந்தையின் உடம்பில் எதுவும் இருக்கக் கூடாது. தோடு, சங்கிலி, கண்ணாடி, கிளிப், கடிகாரம், செருப்பு, பிடித்த சட்டை எல்லாவற்றையும் கழற்றி, ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, பெயர் ஒட்டி, வீட்டாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஊசிக்கு அழாத பிள்ளைகூடக் கிளிப்பைக் கேட்டால் ஊரைக் கூட்டும். முதல் பதினொரு வருடம் வாசலக்காவும் மற்றவர்கள் சொல்கிற பொய்களைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். போட்டோ எடுக்கப் போறாங்க, தோடு மின்னினா படம் கெட்டுப்போயிடும் என்று. ஒரு பெண் குழந்தை மயக்கம் தெளிந்ததும், "போட்டோ எங்க?" என்று கேட்டது. அந்தக் கேள்வி அவருக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், அவருடைய மகள் வரலாற்றுப் பாடத்தைச் சத்தம்போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். பாடத்தின் ஓரத்தில் ஒரு கட்டம். பரீட்சைக்கு வராத கட்டம். சுமேரியர்கள் என்று ஒரு மக்கள், நாலாயிரம் வருடத்துக்கு முன்னால், ஈரக் களிமண் பலகையில் நாணல் குச்சியால் குத்திக் குத்தி எழுதிவைத்த ஒரு கதை. வானத்து ராணி கீழுலகத்துக்குப் போகிறாள். வழியில் ஏழு வாசல். ஒவ்வொரு வாசலிலும் அவள் அணிந்திருக்கும் ஒரு பொருளை வாயில்காப்பவன் வாங்கிக்கொள்கிறான்.

வாசலக்கா கையில் துடைத்துக்கொண்டிருந்த பாத்திரத்தை அப்படியே வைத்தார்.

"இன்னொரு தடவ படி."

"இது பரீட்சைக்கு வராதும்மா."

"உனக்கு வராது. எனக்கு வரும்."

மறுநாள் வேலைக்குப் போனவர் கதவுகளை எண்ணினார். வார்டுக் கதவு ஒன்று. நடைபாதையின் இரும்புக் கதவு இரண்டு. லிஃப்ட்டுக்குள் ஏறும் கதவு மூன்று, கீழே இறங்கும்போது அதே கதவு நான்கு, ஏனென்றால் அது வேறு தளம். வெளியாட்கள் தாண்டக் கூடாத சிவப்புக் கோட்டுக்கு முன்னாலிருக்கும் கண்ணாடிக் கதவு ஐந்து. உடை மாற்றும் அறை ஆறு. அறுவை அரங்கு ஏழு. ஏழேதான்! அதுவும் மேலிருந்து கீழே! பதினொரு வருடம் தினமும் அந்த வழியில் போய்வந்திருக்கிறார், ஒரு தடவைகூட எண்ணிப் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து பொய் நின்றது. வண்டி வார்டுக் கதவைத் தாண்டும்போது ஆரம்பிப்பார். "ராணி முதல் வாசலுக்கு வந்தா. கிரீடத்தைக் குடுங்கன்னு கேட்டான் வாசல்காரன். ஏன்டா குடுக்கணும்னா ராணி. கேள்வி கேக்காதீங்க, கீழ் உலகத்துச் சட்டம் இதுன்னுட்டான். சரி, நம்ம கிரீடம் எங்க?" குழந்தை தானே தலையிலிருந்து கிளிப்பை எடுத்துக் கொடுக்கும். இரண்டாவது கதவில் ராணியின் கழுத்து மணி, மூன்றாவதில் மார்பில் தொங்கிய இரட்டைக் கற்கள், பிறகு மார்புக் கவசம், பொன்வளை, நிலம் அளக்கும் கோல், கடைசியில் பட்டாடை.

ஏழு பொருள் இல்லாத பிள்ளைகளும் வரும். கழற்ற ஒரு சட்டையும் செருப்பும் மட்டுமே இருக்கிற பிள்ளைகள். அவர்களுக்கு வாசலக்கா வேறு வழி வைத்திருந்தார். ஒருவன் ஒரு கொட்டாவியைக் கொடுத்தான். ஒருத்தி இரண்டாம் வாய்ப்பாட்டைக் கொடுத்துவிட்டு, திரும்பி வரும்போது, "அதை நீங்களே வச்சுக்கங்க" என்றாள். இன்னொரு பையன் தங்கச்சியையே கொடுக்கத் தயாராக இருந்தான். எல்லாவற்றையும் முகம் மாறாமல் வாங்கிக்கொள்வார்.

அழுகை குறைந்தது. இது எல்லோருக்கும் தெரிந்தது, பெரிய சிஸ்டருக்கும் தெரிந்தது. பெரிய சிஸ்டர் என்றால் அந்தப் பிரிவு முழுவதற்கும் பொறுப்பான தாதி. அவர் கண்ணில் படாமல் ஒரு பஞ்சு உருண்டைகூட உருளாது.

ஆனால் ஒன்று. ராணி உள்ளே போன பிறகு என்ன ஆனாள் என்பதை வாசலக்கா சொல்வதில்லை. நூலகத்தில் தேடிப் பிடித்து முழுக் கதையையும் அவர் படித்திருந்தார். ஏழையும் கொடுத்துவிட்டு வெறும் கையோடு உள்ளே நின்ற ராணி, அங்கே செத்துப்போகிறாள். அவளுடைய உடலைக் கொக்கியில் மாட்டிவிடுகிறார்கள். இதை மயக்க ஊசிக்குப் போகும் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? "உள்ள போய் நல்லாத் தூங்கினா, எழுந்து வந்தா, எல்லாத்தையும் திருப்பி வாங்கிக்கிட்டா" என்று முடித்துவிடுவார். பொய் நின்றது என்று எழுதினேன் அல்லவா, முழுதாக நிற்கவில்லை.

போன புதன்கிழமை ஒன்பது வயதுப் பையன் ஒருவன் வந்தான். காதுக்குப் பின்னால் எலும்புக்குள் சீழ். காய்ச்சலால் இரண்டு தடவை தேதி தள்ளிப்போய் மூன்றாவது தேதி. வந்த அரை மணியில் அவனுக்கு வார்டில் மேஸ்திரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். கட்டில் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டு எத்தனை நாளாகிறது, இந்த ஊசியில் ஏன் இரண்டு நிறம், ஜன்னல் கொக்கி ஏன் ஆடுகிறது என்று ஒருவரையும் விடாமல் கேள்வி. அவனுடைய அப்பா தரைக்கு ஓடு ஒட்டுகிறவர், முழங்காலில் சிமென்ட் கறை அப்படியே இருக்கும். அதிர்ந்து பேசாதவர்.

அன்று மத்தியானமே வாசலக்கா அவனிடம் கதையின் முதல் பாதியைச் சொல்லிவைத்திருந்தார். மேஸ்திரிக்கு அது போதவில்லை. உள்ளே என்ன நடந்தது என்று அப்பாவிடம் கேட்டான். அப்பா பாவம், போனில் தேடி எடுத்து, எழுத்துக் கூட்டி, இருந்ததை இருந்தபடி வாசித்துக் காட்டினார். "செத்துட்டாளாம்டா."

மறுநாள் வியாழக்கிழமை மேஸ்திரி சமர்த்தாக ஒவ்வொரு கதவிலும் ஒவ்வொன்றாகக் கொடுத்தான். தொப்பி, கண்ணாடி, ரப்பர் கடிகாரம், பெல்ட், செருப்பு, சட்டை. ஏழாவதுக்கு என்ன என்று கேட்டபோது வாயைத் திறக்காமல் கையை விரித்துக் காட்டினான். பயத்தில் பேச்சு வரவில்லை போல என்று நினைத்து வாசலக்கா விட்டுவிட்டார். உள்ளே மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர், வழக்கமாகச் செய்வதுபோல, ஆடும் பல் இருக்கிறதா என்று பார்க்க வாயைத் திறக்கச் சொன்னார். திறக்க மாட்டேன் என்றான். பத்து நிமிடம் கெஞ்சின பிறகு திறந்தான். நாக்குக்கு அடியில் ஒரு சைக்கிள் பூட்டுச் சாவி.

"ஏழையும் குடுத்ததாலதான ராணி செத்தா? நான் ஆறுதான் குடுத்தேன்" என்றான் மேஸ்திரி.

பார்க்காமல் மயக்கியிருந்தால் சாவி தொண்டைக்குள் போயிருக்கும். அன்றைய அறுவை ரத்து. அவன் சொன்ன காரணம் ஒரு மணி நேரத்தில் மூன்று தளத்துக்கும் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகுதான் அந்தச் சுற்றறிக்கை.

வாசலக்கா யாரிடமும் எதிர்த்துப் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை ஐந்து பிள்ளைகளை ஒரு வார்த்தை பேசாமல் தள்ளிக்கொண்டு போனார். மூன்று பேர் வழி முழுக்க அழுதார்கள். ஒருத்தி அவர் கையைக் கடித்துவிட்டாள். இனிமேல் இப்படித்தான், ஓய்வு பெறும்வரை இப்படித்தான் என்று நினைத்தபோது, கடித்த இடத்தைவிட அது அதிகமாக வலித்தது. கதை இல்லாவிட்டால் அவர் வெறும் வாசல்காரன்தான், கேள்வி கேட்காதே என்று சொல்லிப் பிடுங்குகிறவன்.

அன்று மத்தியானம் பெரிய சிஸ்டர் கூப்பிட்டு அனுப்பினார்.

"உக்காரும்மா. அந்த மேஸ்திரிப் பய வெள்ளிக்கிழமை வரான். யாரையும் தொட விட மாட்டேங்கிறானாம். அவங்கப்பா போன் பண்ணாரு. வாசலக்கா வந்து பதில் சொல்லணுமாம்."

"நான் பேசக் கூடாதே சிஸ்டர். போர்டுல போட்டிருக்கு."

"நக்கலா?"

"இல்ல சிஸ்டர்."

"கதைய எழுதிக் குடு. சின்னப் பசங்க படிக்கிற மாதிரி, முதல்லருந்து கடைசி வரைக்கும். நான் படிச்சுப் பாத்துத் திருத்தித் தரேன். அதுல இருக்கறத மட்டும் சொல்லு. வெள்ளிக்கிழமை ஒழுங்கா முடிஞ்சா மேற்கொண்டு பாப்போம். முடியலன்னா இந்தக் கதைய இதோட மறந்துடு."

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் வாசலக்கா. சாப்பாட்டு மேசையில் மகளின் பழைய நோட்டை விரித்து உட்கார்ந்தார். அரை மணியில் அரைப் பக்கம். மகள் எட்டிப் பார்த்தாள். இப்போது அவள் கல்லூரியில் இருக்கிறாள், வாய் முன்பைவிட நீளம்.

"'ஆகவே ராணியானவள் கீழுலகம் ஏகினாள்'. யாரும்மா இந்த ராணியானவள்? நீ வாயால சொல்றப்போ இப்படியா சொல்லுவ?"

"எழுதறதுன்னா கொஞ்சம் மரியாதையா இருக்க வேணாமா?"

"சின்னப் பசங்க படிக்கணுமா, தமிழய்யா படிக்கணுமா?"

கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினார். இந்தத் தடவை பேசுவதுபோலவே. ராணி கிளம்புவதற்கு முன்னால் தன் மந்திரியைக் கூப்பிட்டு, மூணு நாள்ல நான் வரலன்னா மேளத்தை அடி, பெரியவங்க வீட்டுக் கதவைத் தட்டு என்று சொல்லிவிட்டுப் போனது. ஏழு வாசல். சாவு. கொக்கி. மூணாம் நாள் மந்திரி மேளம் அடித்தது, இரண்டு தெய்வங்கள் முடியாது என்று கைவிரித்தது, மூன்றாவது தெய்வம் தன் நக அழுக்கைச் சுரண்டி அதிலிருந்து இரண்டு குட்டி உயிர்களைச் செய்தது. அந்த இரண்டும் ஈ மாதிரி ஏழு கதவிடுக்கிலும் புகுந்து உள்ளே போகின்றன. அங்கே கீழுலகத்து அரசி வயிற்று வலியில் புரண்டுகொண்டிருக்கிறாள். ஐயோ என் வயிறு என்கிறாள் அவள். ஐயோ உங்க வயிறு என்கின்றன இவை. ஐயோ என் முதுகு. ஐயோ உங்க முதுகு. அவ்வளவுதான்! கத்தி இல்லை, சண்டை இல்லை, வலிக்கிறவளோடு சேர்ந்து வலிக்கிறது என்று சொல்கின்றன, அவ்வளவுதான். அதிலேயே அவள் மனம் குளிர்ந்து என்ன வேண்டும் என்று கேட்கிறாள். அந்த உடம்பைக் குடுங்க என்று வாங்கி, உயிர்த் தண்ணியைத் தெளித்து ராணியை எழுப்புகின்றன. நாலாயிரம் வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருவருக்கு இப்படித் தோன்றியிருக்கிறது!

எழுதி முடித்து வாசித்துக் காட்டியபோது மகள் கிண்டல் செய்யவில்லை. "நக அழுக்கு சூப்பர்ம்மா" என்று மட்டும் சொன்னாள்.

வியாழக்கிழமை பெரிய சிஸ்டரின் மேசையிலிருந்து காகிதம் திரும்பி வந்தது. சிவப்பு மை. சாவு இருந்த இடத்தில் கோடு, கொக்கி இருந்த இடத்தில் கோடு, ஓரத்தில், 'ராணி தூங்கினாள்.'

"சிஸ்டர், அவன் ஏற்கெனவே படிச்சுட்டான். ராணி தூங்கினான்னு நான் சொன்னதாலதான் சாவி வாய்க்குள்ள போச்சு."

"அவன் ஒருத்தன். மத்த பசங்க?"

"போன் எல்லா வீட்லயும் இருக்கு சிஸ்டர்."

"என் வார்டுல செத்துட்டாங்கிற வார்த்தைய எந்தக் குழந்தைகிட்டயும் சொன்னதில்ல. முப்பது வருஷமா. இது என் சட்டம்." அந்தச் சட்டத்தை அவர் சும்மா போடவில்லை. அந்த வார்த்தையைப் பெற்றோரிடம் சொல்லவேண்டி வந்த நாட்கள் ஒவ்வொன்றும் அவருக்கு ஞாபகம் இருந்தன. வாசலக்காவுக்கும் அது தெரியும். அதனால் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டே முக்கால். மேஸ்திரி கட்டிலில் உட்கார்ந்திருந்தான், படுக்கவில்லை. வலது கை இறுக்கி மூடியிருந்தது. பெரிய சிஸ்டரும் கூடவே வந்தார். மேற்பார்வை.

வார்டுக் கதவில் தொப்பி. இரும்புக் கதவில் கண்ணாடி. லிஃப்ட்டுக்குள் ஏறும்போது கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மேஸ்திரி ஆரம்பித்தான்.

"நீங்க பொய் சொன்னீங்க."

லிஃப்ட்காரர் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெரிய சிஸ்டர் தொண்டையைச் செருமினார்.

"ஆமா" என்றார் வாசலக்கா.

"அவ செத்துட்டா."

"ஆமா. செத்துட்டா. உடம்பக் கொக்கில மாட்டிட்டாங்க. பயந்துடுவியோன்னு நான் சொல்லல. அது என் தப்பு."

மேஸ்திரி இதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்குத் தயாராக வந்தவன் எதிராளி இல்லாமல் நின்றான். லிஃப்ட் கீழே வந்து கதவு திறந்தது. பெல்ட்டை அவனே கழற்றி நீட்டினான்.

"ஏழையும் குடுத்ததாலதான?"

"குடுத்தா. செத்தா. இதுக்காகத்தான் அதுன்னு களிமண் பலகையில எழுதல. நான் தேடிப் பாத்தேன்."

"அப்புறம் எப்படி வந்தா?"

வாசலக்கா வண்டியைத் தள்ளிக்கொண்டே சொன்னார். மேளம், கைவிரித்த இரண்டு தெய்வங்கள், நக அழுக்கு. நக அழுக்கு வந்ததும் மேஸ்திரி தன் இடது கை நகங்களைப் பார்த்தான்.

"என் நகத்துல ஆறு பேரு செய்யலாம்."

"உங்கப்பா நகத்துல ஒரு பட்டாளமே செய்யலாம், சிமென்ட்டோட."

அவன் சிரித்தான். வயிற்று வலி அரசியின் கட்டத்தில் வாசலக்கா, "ஐயோ என் வயிறு" என்றார். மேஸ்திரி, "ஐயோ உங்க வயிறு" என்றான். "ஐயோ என் முதுகு" என்றார், அது பதினேழு வருடம் வண்டி தள்ளிய முதுகு, நடிப்பு பாதிதான். கண்ணாடிக் கதவில் செருப்பும், உடை மாற்றும் அறையில் சட்டையும் வந்துசேர்ந்தன. அறையை விட்டு வெளியே வரும்போது அவன் சிரிப்பு நின்றிருந்தது.

"இன்னொண்ணு போன்ல போட்டிருந்துச்சு. அவ வெளிய வந்ததுக்குப் பதிலா வேற ஒருத்தர் உள்ள போகணும்னு." மூச்சை இழுத்துக்கொண்டான். "எங்கப்பா போகணுமா?"

பெரிய சிஸ்டர் இதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டு வந்தவர், திரும்பி அவனைப் பார்த்தார்.

வாசலக்கா குனிந்து அவன் மணிக்கட்டில் ஒட்டியிருந்த பட்டையைத் தூக்கிக் காட்டினார். "அது அந்த ஊர்ச் சட்டம். இங்க இது. படி, எத்தன பேரு இருக்கு?"

"ஒண்ணு. என் பேரு."

"அவ்வளவுதான். உங்கப்பா பேரு எங்கயும் இல்ல. அவரு ஹால்ல நாற்காலில இருக்காரு."

"நான் கண்டிப்பா வந்துடுவேனா?"

வந்துடுவ என்று சொல்வதற்கு ஒரு நொடி போதும். பெரிய சிஸ்டரும் அதைத்தான் எதிர்பார்த்தார்.

"உள்ள நடக்கறது உள்ள இருக்கறவங்க வேலை. நல்லா செய்வாங்க, தினமும் செய்யறவங்க. என் வேலை வெளிய."

மேஸ்திரி யோசித்தான். ஏழாவது கதவுக்கு முன்னால் வண்டி நின்றது. மூடிய கை மார்பின் மேல் இருந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

"ராணிக்கு மந்திரி இருந்தாரு. எனக்கு?"

"அப்பா இருக்காரே."

"அவரு உக்காந்தா தூங்கிடுவாரு."

"நிஜம்தான், பாத்தேன்."

"நீங்க நில்லுங்க. இங்கயே. மூணு மணி நேரம். அதுக்குள்ள நான் வரலன்னா சத்தம் போடணும். மெதுவா இல்ல, நல்லா சத்தமா."

"சரி."

"எங்கயும் போகக் கூடாது."

"போக மாட்டேன்."

அவன் கையைத் திறந்தான். சாவி வியர்வையில் நனைந்திருந்தது. வாசலக்கா அதை உறையில் போட்டு ஒட்டினார். "அக்கா, நான் ரெடி" என்று படுத்துக்கொண்டான். கதவு திறந்தது, வண்டி உள்ளே போனது, கதவு மூடியது. மணி ஒன்பது பத்து.

நடைபாதையில் இரண்டு பேர் மட்டும் நின்றார்கள்.

"ஒம்போதரைக்கு அடுத்த கேஸ் பக்கத்து அரங்குல. மேல குழந்தை ரெடியா இருக்கு" என்றார் பெரிய சிஸ்டர்.

"தெரியும் சிஸ்டர்."

"நீ போகல?"

"சொல்லிட்டேனே சிஸ்டர்."

"நான் திருத்திக் குடுத்தபடி நீ சொல்லல. இப்ப வேலையும் செய்ய மாட்டேங்கிற. நான் என்னன்னு எழுதறது?"

"நடந்தத எழுதுங்க. நான் நகர மாட்டேன்."

பெரிய சிஸ்டர் லிஃப்ட்டை நோக்கி நடந்தார். பத்து நிமிடம் கழித்து லிஃப்ட்டிலிருந்து ஒரு வண்டி வெளியே வந்தது. தள்ளிக்கொண்டு வந்தவர் அவரேதான். பழக்கம் விட்டுப்போன கை, வண்டி இரண்டு தடவை சுவரில் இடித்தது. அதில் படுத்திருந்த சின்னப் பெண், "நேரா ஓட்டுங்க" என்று அதட்டினாள். அவர் வாசலக்காவைக் கடந்து போனார், திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு மணி நேரம் ஆகும் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். பதினொன்று பத்து ஆனது. கதவு திறக்கவில்லை. பதினொன்றரை. பெரிய சிஸ்டர் மூன்றாவது குழந்தையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனார். பதினொன்றே முக்கால். பழைய சீழ் என்றால் நேரம் இழுக்கும், இது வாசலக்காவுக்குத் தெரியும். பதினேழு வருடத்தில் எத்தனையோ தடவை இழுத்திருக்கிறது. அப்போதெல்லாம் அவர் வேறு வேலையாக வேறு இடத்தில் இருந்திருக்கிறார். இந்தக் கதவுக்கு வெளியே நின்று காத்திருப்பது இதுதான் முதல் தடவை. ஹாலில் உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மாக்கள் ஏன் சுவரையே பார்க்கிறார்கள் என்பது இன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது. சுவரைத் தவிர வேறு எதைப் பார்த்தாலும் கண் கலங்குகிறது.

பன்னிரண்டு பத்து.

விரலால் தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. அவன் மெதுவாகத் தட்டச் சொல்லவில்லை. ஜன்னல் மேடையில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு எஃகுத் தட்டை எடுத்து, கதவுச் சட்டத்தில் ஓங்கி அடித்தார். ஒரு தடவை இல்லை, ஐந்தாறு தடவை. நடைபாதை முழுவதும் தலைகள் எட்டிப் பார்த்தன. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு பெரிய சிஸ்டர் ஓடி வந்தார்.

கதவு ஒரு சாண் திறந்தது. மயக்க டாக்டர், முகமூடிக்கு மேலே கண் மட்டும்.

"என்னக்கா, தீப்பிடிச்சுடுச்சா?"

"மூணு மணி நேரம் ஆயிடுச்சு மேடம். சத்தம் போடச் சொல்லியிருந்தான்."

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். சாவியைக் கண்டுபிடித்தவரும் அவர்தான்.

"நல்லா இருக்கான். நிறைய சுத்தம் பண்ண வேண்டியிருந்துச்சு. இப்பத்தான் தையல் போடறாங்க. இருபது நிமிஷம்." கதவை மூடப் போனவர் நிறுத்தினார். "அவன் கேட்டான்னா, நீங்க சத்தம் போட்டீங்கன்னு சொல்றேன்."

கதவு மூடியது. வாசலக்கா தட்டைக் கீழே வைத்தார். சுவரில் சாய்ந்துகொண்டார். பெரிய சிஸ்டர் மூச்சு வாங்கியபடி பக்கத்தில் வந்து, அதே சுவரில் சாய்ந்தார். இரண்டு பேரும் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அடுத்த பிள்ளைக்கு நேரத்தக் கொஞ்சம் கம்மியாச் சொல்லு" என்றார் பெரிய சிஸ்டர், ஒரு கையால் இடுப்பைத் தேய்த்தபடி. "ஒவ்வொரு தடவையும் மூணு மணி நேரம் வண்டி தள்ள என்னால முடியாது."